தலைவர் நாற்காலிக்குப் பேரம்

பட்டன் அக்கா தலைமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தது கூடப் பிறந்த அண்ணனைப் பழிவாங்கத்தான். அதை அவள் மறைக்கவும் இல்லை. முதல் நாள், நூலகத்து மாடி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரையும் உட்கார வைத்த டீச்சர், "எதுக்காக இங்கே வந்தீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். ஒருவர் தெருவிளக்கு என்றார். ஒரு அம்மா, பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை வேண்டும் என்றாள். தன் முறை வந்ததும் பட்டன் அக்கா கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரை நாற்காலியிலேர்ந்து இறக்கணும், டீச்சர். அவர் இறங்கறதை முன்னாடி உக்காந்து பாக்கணும்."

டீச்சர் சின்ன வயசுக்காரி. ஜனங்களை நம்புவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். முகம் மாறாமல் பலகையில், 'பொறுப்பில் இருப்பவர்களைப் பதில் சொல்ல வைத்தல்' என்று எழுதி அடியில் கோடும் போட்டாள். தன் வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருக்கிறது என்று பட்டன் அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நூறு கடைக்குமேல் அடைத்துக்கொண்டிருந்த அந்த வணிகக் கட்டடத்தின் வியாபாரிகள் சங்கத்துக்கு அவள் அண்ணன்தான் தலைவர். வாளி, கூடை, நாற்காலி என்று பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். அப்பா போகும்போது, சங்கத்திடம் வாடகைக்கு எடுத்திருந்த கடைகளில் உள்ளே இருந்த பெரிய கடையை மகனுக்கும், நுழைவாயிலை ஒட்டின சின்னக் கடையை மகளுக்கும் விட்டுப்போனார். சின்னக் கடைதான், ஆனால் உள்ளே வருகிறவன் கண்ணில் ஒருமுறை படும், வெளியே போகிறவன் கண்ணில் இன்னொருமுறை படும். பட்டன், ஜிப், நூல்கண்டு, கொக்கி என்று அவள் விற்றதெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும்போது யாருக்கும் ஞாபகம் வராத சரக்கு. பார்த்தால்தான் ஞாபகம் வரும். அதனால் அந்த வாசல்தான் அவளுக்குச் சோறு.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை அண்ணன் நடத்துவதில் ஒரு முறை இருந்தது. தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போவார். சரியாக டீ வந்து எல்லார் கையிலும் ஏறும் நேரம் பார்த்து, "எல்லாருக்கும் சரிதானே?" என்பார். வாயில் டீயோடு எல்லாரும் "சரி" என்பார்கள். கைதட்டல், கலைதல். பட்டன் அக்காவும் அப்படித்தான் ஒரு வருஷம், டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டே "சரி" என்றாள். அவள் சரி சொன்னது 'நுழைவாயில் பகுதியை நவீனப்படுத்துதல்' என்ற தீர்மானத்துக்கு. அடுத்த வாரம் நவீனம் வந்து இறங்கியது, அண்ணனுடைய மாப்பிள்ளையின் உருவத்தில். முன்கடையில் செல்போன் உறைகள் தொங்கின. பட்டன் அக்காவைக் கட்டடத்தின் பின்கோடியில், கழிப்பறைக்குப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார்கள்.

அவள் போய்க் கத்தியபோது அண்ணன் கோபப்படவில்லை. "என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? கூட்டத்துல நீயும்தானே சரின்னே?" என்றார்.

கடை போனதைக்கூட அவள் எப்படியாவது செரித்திருப்பாள். அந்த 'நீயும்தானே' செரிக்கவில்லை. பக்கத்துக் கதவு ஒவ்வொரு தடவை கிறீச்சிடும்போதும், வாடிக்கைக்காரி மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு "அவசரம் அக்கா, அப்புறம் வரேன்" என்று ஓடும்போதும், அது நெஞ்சில் ஏறி இறங்கிற்று. அண்ணன் சாக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. நல்ல உடம்போடு இருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள்.

வகுப்பில் டீச்சர் கொடுத்த முதல் வேலை எளிது. உங்கள் வட்டாரத்தில் சிலரைப் போய்ப் பாருங்கள். என்ன குறை என்று கேளுங்கள். "நீங்க கால் பங்கு பேசுங்க, அவங்க முக்கால் பங்கு பேசட்டும்." பட்டன் அக்காவுக்கு இது பழகின வேலைதான். சட்டையில் மிஞ்சியிருக்கும் ஒற்றைப் பட்டனைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்பவர்களிடம் அவள் பேச்சுக் கொடுப்பதில்லை. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

பின்வரிசைக் கடைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். குடை ரிப்பேர் செய்கிறவர் கடைக்கு மேலே கூரை ஒழுகிற்று. மழை வந்தால் அவர் கட்டடத்துக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் குடையைத் தைத்தார்.

"தலைவர்கிட்டே சொன்னீங்களா?"

"சொன்னேன்மா. குடைக்காரருக்கு மழை நல்லதுதானேன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்."

சாவி வெட்டுகிறவர் கடையில் விளக்கே சரியாக எரிவதில்லை. முன்கடையில் மாப்பிள்ளை மாட்டின கலர் பல்புகள் அவருடைய இணைப்பில்தான் ஓடின. "நான் சாவியைத் தடவித் தடவி வெட்டறேன் அக்கா. போன வாரம் ஒருத்தருக்கு அவர் பக்கத்து வீடு திறந்துக்கிச்சாம்" என்றார் அவர். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

ஆளுக்கு ஒரு வலி. எல்லாம் தன் அண்ணனிடம் போய் முடிவதைப் பார்த்தபோது பட்டன் அக்காவுக்கு, சிதறிக் கிடந்த பட்டன்கள் ஒரே அளவில் கிடைத்த மாதிரி மனசு குளிர்ந்தது. குடைக்காரரையும் சாவிக்காரரையும் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடைக்காரர் முதல் வாரம் எழுந்து நின்று பெயரைச் சொல்வதற்குள் வியர்த்து வழிந்தார். அடுத்த மாதம் அவரை உட்கார வைக்க டீச்சர் மணி அடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வழியாக இன்னும் சிலர் வந்தார்கள். தீர்மானத்தை எப்படி முன்மொழிவது, யார் வழிமொழிவது, பேசாதவனை எப்படிப் பேச வைப்பது, பேசிக்கொண்டே இருப்பவனை எப்படி நிறுத்துவது என்று எல்லாம் படித்தார்கள். தன் சொந்தக் காரியம் விவாதத்துக்கு வந்தால் தலைமையில் இருப்பவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு விதியைச் சொன்னாள் டீச்சர். பட்டன் அக்கா அதைப் பின்வரிசை முழுக்கப் போய்ச் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கடை கொடுத்தவரைக் குத்துவதற்கு அதைவிட நல்ல ஊசி கிடைக்காது.

ஆனால் ஒரு இடத்தில் வண்டி நின்றது. தலைவரை மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து யார் சொல்வது?

"நீங்களே சொல்லலாமே" என்றாள் டீச்சர்.

"நான் சொன்னா குடும்பச் சண்டைம்பாங்க. இவங்க சொன்னா நாளைக்குக் கடையை எங்கே தூக்கிப் போடுவாரோன்னு பயம்."

குடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். சாவிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். ஓட்டு என்று வந்துவிட்டால் ரகசியமாகப் போட ஒரு வழி அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சீட்டில் எழுதினால் எழுத்து காட்டிக்கொடுக்கும் என்று, ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டனும் ஒரு கறுப்புப் பட்டனும் கொடுத்து, ஒன்றை மூடின டப்பாவுக்குள் போடச் சொல்வது. டீச்சர் அதைக் கேட்டுப் பூரித்துப்போனாள். ஆனால் ஓட்டு வரை போக நாற்காலி முதலில் காலியாக வேண்டுமே.

"அதை அண்ணனே காலி பண்ணுவார்" என்றாள் பட்டன் அக்கா.

அண்ணனை அவளுக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். யார் எதைக் கேட்டாலும் குறைக்காமல் அவரால் இருக்க முடியாது. அது கைராசி போல நாக்குராசி. சினிமாவுக்கு ஆறு மணிக்குக் கிளம்பலாம் என்று பெண்டாட்டி சொன்னால் ஐந்து என்பார். இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னபோது பேசிப் பேசி ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தி, ஜெயித்த களிப்போடு வீட்டுக்கு வந்து, மறுவாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனவர். சின்ன வயசில் ஒரு பொம்மை வேண்டுமென்றால் அவள் அவரிடம் மூன்று கேட்பாள்.

அந்தக் கட்டடத்தில் இன்னொன்றும் உண்டு. பேரம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம், வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், கடையை விட்டு இறங்கிப்போய்த் திரும்பியும் வரலாம். ஆனால் ஒருவன் வாயிலிருந்து 'எடுத்துக்கோ' என்று வந்துவிட்டால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கினவனுக்குப் பக்கத்துக் கடைக்காரன்கூடக் கைமாற்றுக் கொடுக்க மாட்டான்.

விஷயம் கசியாமல் இருக்குமா? கூட்டத்துக்கு முந்தின நாள் அண்ணி வந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"என்னடி இப்படி நாறுது."

"உங்க வீட்டுக்காரர் பாத்துக் குடுத்த இடம் அண்ணி. உக்காருங்க, பழகிடும்."

அண்ணி உட்காரவில்லை. "மாப்பிள்ளையை உள்ளே மாத்திடறாராம். முன்கடை உனக்கே. நாளைக்குக் காலையிலேயே சாமானை எடுத்துட்டுப் போய் அடுக்கிக்கோ. கூட்டத்துல மட்டும் வாயைத் திறக்காதே."

பட்டன் அக்காவின் கை தானாகவே பட்டன் பெட்டிகளின் மேல் போயிற்று. முன்கடையில் காலை வெயில் சரிந்து விழும். அந்த வெயிலில் வைத்துத்தான் நீலத்துக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் பார்ப்பாள். இங்கே குழல்விளக்கில் எல்லாமே சாம்பல். "நாளைக்கேவா?" என்று கேட்டாள்.

"நாளைக்கே. அவர் சொல்லித்தான் வந்தேன்."

அதற்குமேல் அண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பாவம், அவள் வியாபாரக் குடும்பத்தில் பிறக்கவில்லை. "நாளைக்கு மேடையிலேயே சொல்லப் போறாராம், தங்கச்சி மனசு நோகக்கூடாதுன்னு என் மாப்பிள்ளையையே எழுப்பிட்டேன்னு. ஊரே பாக்கட்டுமே, அவர் மனசை" என்றாள்.

பட்டன் அக்கா அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். மேடை, கைவைத்த நாற்காலி, அதில் அண்ணன், பெரிய மனசு, கைதட்டல். அந்தக் கைதட்டலில் தானும் தட்ட வேண்டும். பிறகு தினமும் அவர் முன்கடையைத் தாண்டி உள்ளே போகும்போது, எழுந்து நிற்காவிட்டாலும் எழுந்து நிற்பது மாதிரி ஒரு முகம் காட்ட வேண்டும். வயிற்றுக்குள் பழைய அடுப்பு குப்பென்று பிடித்துக்கொண்டது.

"வேணாம் அண்ணி."

"ஏண்டி? இதுக்குத்தானே இத்தனை நாளா குதிச்சே?"

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

பக்கத்துக் கடையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சாவிக்காரர், அன்று சாயங்காலம் வகுப்பில் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "தன்னோட கடையையே வேணாம்னு சொல்லிட்டு, எல்லாருக்காகவும் நின்னிருக்காங்க. இதைத்தான் நான் ஆரம்பத்திலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். இதுதான் தலைமை" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். வேகத்தடை அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சுத்தமான வன்மம் அம்மா, வேறொன்றும் கலக்கவில்லை என்று சொல்லப் பட்டன் அக்காவுக்கு நாக்கு துடித்தது. ஆனால் சரக்குக்கு வாங்குகிறவனே அதிக விலை சொன்னால் எந்த வியாபாரியும் திருத்துவதில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கட்டடத்து மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. அண்ணன் கைவைத்த மர நாற்காலியில், மற்றவர்கள் அவர் விற்ற பிளாஸ்டிக் நாற்காலிகளில். வாசிப்பு தொடங்கிற்று. வழக்கமான இடத்தில் அண்ணன் கதவைப் பார்த்தார். டீ வரவில்லை. டீக்கடைக்காரர் அந்த நேரம் மாடிப்படியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பட்டன் அக்கா சொல்லியிருந்தபடி, ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் கொஞ்சம் நிதானித்தார். அந்த நிதானத்தில் அவள் எழுந்தாள்.

"ஒரு கோரிக்கை இருக்கு, தலைவரே."

"சொல்லும்மா."

"சங்கத்துப் பொறுப்பு ஏழும் இன்னிக்கே காலியாகணும். ஏழுக்கும் இப்பவே ஓட்டுப் போடணும்."

"வழிமொழியறேன்" என்றார் குடைக்காரர். அவருக்கே தன் சத்தம் புதிதாக இருந்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த இடத்தில் அண்ணன் 'முடியாது, உட்கார்' என்றிருந்தால் பட்டன் அக்காவிடம் அதற்கு மேல் ஒரு பட்டனும் இல்லை. ஆனால் ஏழு என்ற எண் காதில் விழுந்துவிட்டது. அண்ணனின் உடம்பு நாற்காலியில் முன்னால் சரிந்தது.

"ஏழா? ஏழு பேரும் ஒரே நாள்ல எழுந்துட்டா சங்கத்தை யார் பாக்கறது, உன் ஊசியும் நூலுமா? மூணுன்னா பேசலாம்."

கூடத்தில் சிரிப்பு. பட்டன் அக்கா முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். "ஆறு."

"மூணே ஜாஸ்தி."

"அஞ்சுக்குக் கீழே எனக்குக் கட்டாது அண்ணே."

அண்ணே என்று அவள் இறங்கினதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "இப்பச் சொல்றேன் கேட்டுக்கோ. ரெண்டு. அதுக்கு மேல ஒரு பேச்சும் இல்ல."

அவள் தோற்றவள் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விழுந்துகொண்டிருக்கும் எதிராளியை இன்னொரு தட்டுத் தட்டாமல் விடுவது அண்ணன் வழக்கம் இல்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கிற வியாபாரி கூடவே ஏதாவது ஒன்றைத் தாராளமாக விட்டுக் காட்டுவான், கூட்டம் பார்க்கிறதே என்று. நிறத்தை உங்கள் இஷ்டத்துக்கு விடுகிறேன் என்பான்.

"சரி, தங்கச்சியாப் போயிட்டே. ஒண்ணு. ஒரே ஒரு பதவி. எது வேணுமோ நீயே பாத்து எடுத்துக்கோ" என்று கையை விரித்தார்.

பட்டன் அக்கா நிமிர்ந்தாள்.

"ஒண்ணு போதும் அண்ணே. தலைவர் பதவி."

பின்வரிசையில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது.

"அது... நான் சொன்னது அது இல்ல. செயலாளர், பொருளாளர், இப்படி—"

"எடுத்துக்கோன்னு சொல்லிட்டீங்களே, தலைவரே." இதைச் சொன்னது முன்வரிசைக் கடிகாரக் கடைக்காரர், அண்ணனுக்கு இருபது வருஷ நண்பர். அவர் முகத்திலும் சங்கடம் இருந்தது. ஆனால் அவர் கடையிலும் தினமும் அந்த வார்த்தைதான் புழங்குகிறது.

அண்ணன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்வாங்க வழி இல்லை என்று தெரிந்ததும் ரோஷம் வந்தது. "ஓட்டுதானே? நடத்து. எனக்கு எதிரா யார் போடறாங்கன்னு பாத்துடலாம்."

"அதைத்தான் பாக்க முடியாது" என்று பட்டன் அக்கா, கொண்டுவந்திருந்த பட்டன் பைகளைத் திறந்தாள். அண்ணனே இருக்கட்டும் என்றால் கறுப்பு, தான் வரட்டும் என்றால் வெள்ளை. ஆளுக்கு இரண்டும் கொடுத்தாள். ஒன்று டப்பாவுக்கு, மற்றது அவரவர் பாக்கெட்டுக்கு. ஒவ்வொருவராக வந்து மூடின கையைத் துவாரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். கடிகாரக் கடைக்காரரே டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். கறுப்பு ஒரு உள்ளங்கையில் அடங்கிற்று. வெள்ளை மேஜை விளிம்பைத் தாண்டி உருண்டு ஓடிற்று.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. அண்ணன் எழுந்தார். மேடையிலிருந்து இறங்க ஒரே படிதான், ஆனாலும் பார்த்துக் காலை வைத்தார். பட்டன் அக்கா அதை முன்னாலிருந்து, ஒரு அங்குலம் விடாமல் பார்த்தாள். பிறகு மேலே ஏறி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் அவருடைய சூடு இன்னும் இருந்தது.

"இனிமே பேசறவங்க கையைத் தூக்கணும். கூப்பிட்டா பேசணும்" என்றாள். "முதல் விஷயம் என்ன?"

சாவிக்காரர் கையைத் தூக்கினார். "முன்கடையை நம்ம அக்காவுக்கே திருப்பிக் குடுத்துடலாம்னு முன்மொழியறேன்."

மாப்பிள்ளை கதவோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். பட்டன் அக்காவுக்கு உள்ளே தேன் சொட்டிற்று. வாயைத் திறப்பதற்குள் கவனித்தாள், பின்வரிசை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. குடைக்காரர் ரொம்பத் தயக்கத்தோடு கையைத் தூக்கினார்.

"இது உங்க சொந்தக் காரியம் இல்லையா அக்கா? நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க... வெளியே போகணும்னு."

அண்ணனுக்காகத் தீட்டின ஊசி. வேறு வழியில்லை, எழுந்து போனாள். தாழ்வாரத்தில் நின்றபோது கதவுக்குள்ளே பேச்சு கேட்டது. ஒவ்வொருத்தராக, முறை வைத்து, மேலே விழாமல், தெளிவாகப் பேசினார்கள். டீச்சர் கேட்டிருந்தால் மறுபடி கண் கலங்கியிருப்பாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த டீக்கடைக்காரர், "ஆறிப்போகுது அக்கா" என்றார்.

"இருங்க" என்றாள்.

உள்ளே கூப்பிட்டபோது முடிவாகியிருந்தது. முன்கடை யாருக்கும் சொந்தம் இல்லை. பின்வரிசைக் கடைக்காரர்கள் மாதம் ஒருவராக முறை வைத்து அங்கே உட்காருவார்கள். முதல் முறை குடைக்காரருக்கு, மழைக்காலம் வருகிறதல்லவா. அக்காவுக்கும் முறை உண்டு, கொஞ்சம் தள்ளி. சாவிக்காரர் இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் குரல் பிசகவில்லை.

பட்டன் அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கழிப்பறைப் பக்கத்துக் கடைக்குத்தான் நாளைக்கும் போக வேண்டும். இவர்கள் வாயை நாமேதானே திறந்துவிட்டோம் என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது.

அப்போது முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அண்ணன் எழுந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்திருந்தது.

"நேத்து சும்மாவே குடுத்தேன். வாங்கியிருக்கலாம்ல? இப்ப—"

"கையைத் தூக்குங்க அண்ணே."

"என்னது?"

"பேசணும்னா கையைத் தூக்கணும். இப்பத்தானே சொன்னேன்."

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் அவருக்காகச் சிரிக்கவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. வலது கை இடுப்பை விட்டுக் கிளம்பித் தோள் வரை வந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம். பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

கை தலைக்கு மேலே போயிற்று. சட்டைக் கை சரிந்து முழங்கை தெரிந்தது. பட்டன் அக்கா அதை நன்றாகப் பார்த்தாள். மனசில் இருந்த முன்கடை வெயில், கழிப்பறைக் கதவு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவுக்கு ஒரு கடையைக் கொடுத்தது கட்டுபடியான விலைதான் என்று தோன்றிற்று.

"தெரியுது அண்ணே, கீழே இறக்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபக்கம் திரும்பி, "வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டாள். நாலைந்து கைகள் எழுந்தன. அவள் அண்ணன் இருந்த இடத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.